அம்மா நாலு நிமிஷம் பேசினாங்க, வந்தது பாட்டு மட்டும்: வடசென்னையும் தேர்தல் நேர வானொலியும்

கொருக்குப்பேட்டை பொண்ணு
ஞாயிறு, இரவு 9.40

எங்கம்மாவுக்கு இஸ்திரி வண்டி. இருபது வருஷத்துக்கு மேல ஒரே வேப்ப மரத்தடி. வண்டியோட ஓரத்துல, கரிப்பெட்டி சூடு படாத மூலையா பார்த்து ஒரு ரேடியோவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்காங்க. ஏரியல் உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. அந்த இடத்துல ஒரு செம்புக் கம்பியைச் சுத்தி மரக்கிளையில மாட்டியிருக்கோம். காலையில கரி பத்த வைக்கிறப்போ போட்டா, ராத்திரி கடைசித் துணியை மடிக்கிற வரைக்கும் ஓடும்.

2024 தேர்தல் நேரத்துல ஒரு எஃப்எம்ல, உங்க ஏரியாவுல என்ன பிரச்சினைன்னு போன் பண்ணிச் சொல்லுங்கன்னாங்க. நான்தான் நம்பர் போட்டுக் குடுத்தேன். லைன் கிடைச்சுது. அம்மா பெட்டியை நிமித்தி வெச்சுட்டுப் பேசினாங்க. தெருக்குழாயில வர்ற முதல் நாலு குடம் கறுப்பா வர்றது, அந்த நாத்தம், பசங்களுக்கு வயித்துப்போக்கு வந்து ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது எல்லாம் சொன்னாங்க. கடைசியா, "ஓட்டு கேட்டு வர்றவங்க ஆரத்தித் தட்டுல காசு போடறாங்க, கேட்ட கேள்விக்குப் பதில் போட மாட்டேங்கறாங்க"ன்னு சொன்னாங்க. நான் கையில கடிகாரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். நாலு நிமிஷம். தொகுப்பாளர் தம்பி பொறுமையாத்தான் கேட்டார். அப்புறம் "என்ன பாட்டு வேணும்க்கா?"ன்னார்.

மறுநாள் காலையில அந்த நிகழ்ச்சிக்காக எதிர் வீட்டு அக்கா, பால்காரர், ரெண்டு ஆட்டோ அண்ணன்கள்னு மரத்தடியில நின்னாங்க. "கொருக்குப்பேட்டையில இருந்து ஒரு அக்கா பேசறாங்க" வந்துச்சு. அம்மாவோட "வணக்கம்" வந்துச்சு. பாட்டுப் பேரு வந்துச்சு. பாட்டு வந்துச்சு. தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை கூட வரல. பாட்டு முடிஞ்சதும் ஒரு கட்சியோட முப்பது விநாடி விளம்பரம்.

அம்மா ஒண்ணுமே சொல்லல. ரேடியோவை அணைக்கவும் இல்ல. ஏற்கெனவே தேய்ச்சு முடிச்ச ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு மறுபடியும் தேய்ச்சாங்க.

காசு குடுத்தா ரேடியோவுல அரசியல் பேசலாம், காசு இல்லாதவங்க அரசியல்வாதிகிட்ட ஒரு கேள்வி கேட்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பாரிமுனை வக்கீல்
ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, அந்தத் தொகுப்பாளர் மேல கோபப்படாதீங்க. அவர் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது சட்டம்.

தனியார் பண்பலைக்குச் சொந்தமா செய்தி, நடப்பு அரசியல் ஒலிபரப்ப அனுமதி கிடையாது. 2011 கொள்கைப்படி ஆகாசவாணியோட செய்தி அறிக்கையை ஒரு சொல்லும் மாத்தாம அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, திருவிழா, பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு இதெல்லாம் "செய்தி அல்லாதது"ன்னு தனியா பட்டியல் போட்டிருக்காங்க. மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பத்தின அறிவிப்பும் அதுல உண்டு. ஆனா உள்ளூர் நிர்வாகம் குடுக்கிற அறிவிப்பா இருக்கணும். அதாவது, நாளைக்குத் தண்ணி வராதுன்னு அதிகாரி சொன்னா வாசிக்கலாம். வர்ற தண்ணி ஏன் கறுப்பா இருக்குன்னு உங்கம்மா வேட்பாளரைக் கேட்டா, அது நடப்பு அரசியல் ஆயிடும்னு நிலையத்துக்காரங்களுக்குப் பயம். உரிமம் போயிடும்.

விளம்பரத்துக்கு வேற கணக்கு. டிவி விளம்பரங்களுக்கு முன்சான்று வேணும்னு உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 13-ல உத்தரவு போட்டுச்சு. தேர்தல் ஆணையம் அதை வானொலிக்கும் விரிச்சுது. வேட்பாளரும் பதிவு பெற்ற கட்சிகளும் ஒலிபரப்புக்கு மூணு நாள் முன்னாடி விண்ணப்பிக்கணும், மத்தவங்க ஏழு நாள் முன்னாடி. பேச்சு முழுசையும் எழுத்துல குடுக்கணும், பணம் காசோலை இல்ல டிராப்ட்ல போகணும். இதெல்லாம் நல்ல விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மொத்தமா சேர்த்துப் பார்த்தா நீங்க சொன்ன இடத்துலதான் வந்து நிக்குது. அரசியலுக்குத் தனியார் பண்பலையில திறந்திருக்கிற ஒரே வாசல் கல்லாப்பெட்டி இருக்கிற வாசல்.

வானலைகள் பொதுச்சொத்துன்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. இந்தச் செய்தித் தடையை எதிர்த்து 2013-ல பொதுநல வழக்கும் போட்டாங்க. 2023 செப்டம்பர்ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி போட விடலாம்னு பரிந்துரை பண்ணுச்சு. பரிந்துரைதான், அனுமதி இல்ல.

எனக்கு வலிக்கிற இடம் இதுதான்: டிவிக்கு 24 மணி நேரச் செய்தி உண்டு. பேப்பருக்கு உண்டு. யூடியூப்ல கேமரா வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் உண்டு. கை ரெண்டும் வேலையில இருக்கிறவங்க காதால மட்டும் கேட்கிற ஒரே பெட்டிக்குத்தான் இந்தப் பூட்டு. இஸ்திரிக்காரம்மா, வலை பின்னுறவர், ஆட்டோ ஓட்டுறவர், தையல் மிஷின்ல உட்கார்ந்திருக்கிறவங்க. வடசென்னையில பாதிப்பேர் இதுல வந்துட்டாங்க.


துறைமுகம் ஓய்வு
திங்கள், காலை 6.10

பாப்பா, நான் கல்மண்டபத்துக்காரன். ஹார்பர்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கம்மா ரேடியோவைப் பத்திப் படிச்சதும் எனக்கு எங்க படிப்பகத்து மர்பி ரேடியோ பெட்டி ஞாபகம் வந்துடுச்சு.

அந்தக் காலத்துல தெருவுக்கு ஒரு படிப்பகம். கீத்துக் கொட்டகை, ரெண்டு பெஞ்சு, நாலு பேப்பர். எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் சத்தமா வாசிப்பார், பத்துப் பேர் கேட்பாங்க. நடுநடுவுல நிறுத்திக் கேள்வி கேட்பாங்க, வாசிக்கிறவர் பதில் சொல்லியே ஆகணும். ரேடியோ வந்ததும் அதே பழக்கம்தான். செய்தி முடிஞ்சதும் பெட்டியை அணைச்சிட்டு அரை மணி நேரம் வாதம் நடக்கும்.

1967-ல வாக்கு எண்ணிக்கை நாள். எனக்குப் பன்னெண்டு வயசு. விருதுநகர்ல காமராசர் தோத்துட்டார்னு வானொலி சொல்லுது. எங்க படிப்பகம் ஜெயிச்ச கட்சிப் படிப்பகம். வெளியே வெடி வெடிக்குது. உள்ளே மூட்டை தூக்குற பெரியவர் ஒருத்தர், எங்க கட்சிக்காரர்தான், துண்டை வாயில பொத்திக்கிட்டு அழுதார். யாரும் அவரைக் கேலி பண்ணல. பக்கத்துல இருந்தவர் தன் டீயை அவர் கையில குடுத்தார். செய்தியை எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து கேட்டதால வந்த மரியாதை அது.

1977 மக்களவைத் தேர்தல்லதான் முதன்முதலா கட்சிகளுக்கு வானொலியில இலவசமா நேரம் குடுத்தாங்க. நெருக்கடி நிலையில மூச்சு விடாம இருந்த பெட்டியில இருந்து எதிர்க்கட்சிக் குரல் வருது! கேன்டீன்ல டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே நின்னோம். டீ ஆறிப் போச்சு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த நகரம் தனக்குன்னு வானொலி நடத்தின நகரம். 1924-ல மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். அது ஓய்ஞ்சதும் 1930-ல இருந்து நம்ம மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்துச்சு. 1938 ஜூன் 16-ல அகில இந்திய வானொலி நிலையம் வந்தப்புறம்தான் அது நின்னுச்சு. தெருவிளக்கு, குப்பைவண்டி மாதிரி ரேடியோவும் நகராட்சி செய்ய வேண்டிய வேலைன்னு நினைச்சிருக்காங்க. 1949 செப்டம்பர்ல ஒரு கட்சி பிறந்ததும் இங்க பக்கத்துல ராபின்சன் பூங்காவுலதான். மழையில நின்னு பேச்சுக் கேட்ட ஊரு இது. கேட்கத் தெரிஞ்ச ஜனம். கேள்வி கேட்கவும் தெரிஞ்ச ஜனம்.


பெரம்பூர் லோகோ
திங்கள், காலை 8.30

எல்லாரும் பண்பலைக்குச் செய்தி வேணும்னு கேட்கிறீங்க. நான் வேண்டாம்னு சொல்றவன். காரணத்தையும் கேளுங்க.

நிலையங்கள் யார் கையில இருக்கு? சூரியன் எஃப்எம் சன் குழுமம். ஹலோ எஃப்எம் தினத்தந்தி குழுமம். மத்ததும் பெரிய கம்பெனிகள்தான். டிவியில நாம இதைப் பார்த்தாச்சு. 1993-ல சன், 1999-ல ஜெயா, 2007-ல கலைஞர், 2010-ல கேப்டன், 2018-ல நியூஸ் ஜெ. கட்சிக்கு ஒரு சேனல். ஒரே மாலை, ஒரே மைதானம். ஒரு சேனல்ல கூட்டம் அலைமோதும், இன்னொண்ணுல காலி நாற்காலி மட்டும் தெரியும். ரெண்டு கேமராவும் பொய் சொல்லல, எங்க திரும்பணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்திருக்கு.

2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 12 நடக்க வேண்டியது. பணப் பட்டுவாடா புகார்ல மூணு நாள் முன்னாடி ரத்தாச்சு. மறுபடி டிசம்பர் 21. அதுக்கு முதல் நாள், பிரச்சாரமே ஓய்ஞ்ச அமைதி நேரத்துல, ஜெயலலிதா ஆஸ்பத்திரியில இருக்கிற காணொளியை வெளியிட்டாங்க. நிறுத்துங்கன்னு தேர்தல் ஆணையம் சொல்றதுக்குள்ள எல்லா சேனலும் திரும்பத் திரும்பப் போட்டு முடிச்சிருச்சு. தேர்தல் சட்டம் 126-வது பிரிவு சொல்ற அந்த 48 மணி நேரம், ஜனங்க நிம்மதியா யோசிக்கக் குடுத்த நேரம். அதைத்தான் பறிச்சாங்க. ரேடியோவுக்கும் செய்தி குடுத்தா இதே கதிதான். பாட்டாவது நிம்மதியாக் கேட்டுக்கிட்டு இருக்கோம், விடுங்க.


கொருக்குப்பேட்டை பொண்ணு
திங்கள், காலை 9.05

லோகோ அண்ணே, அந்த டிசம்பர்ல எங்க தெருமுனையில டிவிக்காரங்க நேரலை வேன் நாலு நின்னுச்சு. மைக்கை நீட்டின எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: யார் ஜெயிப்பாங்க? தண்ணி பிடிக்கக் குடத்தோட நின்ன பொம்பளைங்ககிட்டயும் அதையேதான் கேட்டாங்க. குடம் காலியா இருக்கேன்னு ஒருத்தரும் கேட்கல. அதனாலதான் எனக்குப் பெரிய முதலாளி ரேடியோ மேல ஆசை இல்ல. எங்க குடத்தைப் பார்க்கிற ரேடியோ வேணும்.


வியாசர்பாடி வாத்தியார்
திங்கள், மாலை 5.50

அரசுப் பள்ளி ஆசிரியர். ஒரு தேர்தல்ல என்னை ஊடகக் கண்காணிப்பு அறைக்குப் போட்டாங்க. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்தவன் நான்.

நீளமான மேஜை. வரிசையா டிவி, ஒரு ஓரத்துல ரேடியோ. காதுல ஹெட்போன். முன்னாடி கட்டம் போட்ட தாள்: நிலையம், நேரம், கட்சி, எத்தனை விநாடி, சான்று எண். மூணு ஷிஃப்ட். எனக்கு ராத்திரி ஷிஃப்ட், ரேடியோ. பாட்டுக்கு நடுவுல விளம்பரம் எப்ப வரும்னு தெரியாது, அதனால கண்ணை மூட முடியாது. விளம்பரம் ஆரம்பிச்சதும் ஸ்டாப் வாட்சை அமுக்கணும். முடிஞ்சதும் எழுதணும். சான்று வாங்கின வாசகமும் காதுல விழுந்ததும் ஒண்ணான்னு பார்க்கணும். வேட்பாளர் பேரு வந்தா அது அவர் செலவுக் கணக்குல ஏறும். மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் உச்சவரம்பு. நாங்க எழுதுற ஒவ்வொரு விநாடியும் அந்தக் கணக்கு.

வேலையை நேர்மையாத்தான் செஞ்சோம். எந்தக் கட்சிக்கும் சலுகை காட்டல. ஆனா பதினெட்டு ராத்திரி முடிஞ்சு, பூர்த்தி பண்ணின தாள்களைக் கட்டி ஒப்படைக்கிறப்போ ஒண்ணு உறைச்சுது. அத்தனை தாள்லயும் கட்சி பேசினது இருக்கு. ஓட்டுப் போடறவங்க பேசின ஒரு விநாடிக்குக் கூட அதுல கட்டம் கிடையாது. நாங்க எழுதாம விட்டதில்ல. அப்படி ஒண்ணு ஒலிபரப்பாகவே இல்ல.

ஆகாசவாணியில கட்சிகளுக்கு நேரம் குடுக்கிறாங்களேன்னு கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான், சட்டமன்றத் தேர்தல்னா அடிப்படையா கட்சிக்கு 45 நிமிஷம், அதுக்கு மேல போன தேர்தல் வாக்கு விகிதப்படி. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு மட்டும். சுயேச்சைக்கு இல்ல. எழுதி முன்னாடியே குடுக்கணும், படிச்சுப் பார்த்துத் திருத்தச் சொல்வாங்க. 2024-ல மார்க்சிஸ்ட் கட்சி சீதாராம் யெச்சூரி உரையில சில சொற்களை நீக்கச் சொன்னாங்க, ஃபார்வர்டு பிளாக் தேவராஜன் உரையில "முஸ்லிம்" என்ற சொல்லையே எடுக்கச் சொன்னாங்க. கட்சித் தலைவருக்கே இந்தத் திருத்தம்னா, இஸ்திரிக்காரம்மா பேசினது எந்த மூலைக்கு?


எர்ணாவூர் அக்கா
திங்கள், இரவு 11.15

லோகோ சார், பாட்டு நிம்மதியாக் கேட்கலாம்னு சொன்னீங்க. நான் ஒரு ராத்திரியைச் சொல்றேன்.

2023 டிசம்பர் 26. பெரியகுப்பம் பக்கம் கடலுக்கு அடியில போற குழாயில அம்மோனியா கசிஞ்சுது. பாதிராத்திரி ஆகப்போற நேரம். மாமியாருக்கு இருமல் நிக்கல, கண்ணு எரியுது, என்ன நாத்தம்னே புரியல. போன்ல ஹெட்செட் சொருகி எஃப்எம் போட்டேன். ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்திப் பார்த்தேன். எல்லாத்துலயும் பாட்டு. காதல் பாட்டு. மூக்குல ஈரத்துணி கட்டுங்க, இந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொல்ல ஒரு குரல் இல்ல. தெருப் பையன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல அனுப்பின வாய்ஸ் மெசேஜை வெச்சுத்தான் கிளம்பினோம். அது சரியா தப்பான்னு கூடத் தெரியாது. ரெண்டு குழந்தை, மாமியார், எதிர் வீட்டு நிறைமாசக்காரி. ரோட்டுல எல்லாரும் நைட்டியோட நடந்தோம்.

அதே மாசம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆத்து முகத்துவாரம் முழுக்கப் பரவினது. வலையெல்லாம் தார் மாதிரி ஒட்டிக்கிச்சு. சுவர்ல வெள்ளம் நின்ன உயரத்துக்குக் கறுப்புக் கோடு, எங்க அண்ணி வீட்டுல சுண்ணாம்பு அடிச்சும் தெரியுது.

நாலு மாசத்துக்குள்ள, ஏப்ரல் 19-ல வாக்குப்பதிவு. ஆலைகளுக்கு எச்சரிக்கை சங்கு எங்க, கசிவு வந்தா எந்த வழியா ஓடணும், யார் அறிவிப்பாங்கன்னு வேட்பாளர்கள்கிட்ட ஒரு மேடையில உட்கார வெச்சுக் கேட்டிருக்க வேண்டாமா? டிவியில கூட்டணிக் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தாங்க. பிரச்சார ஆட்டோ எங்க தெருவுல ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை வந்துச்சு. ஒலிபெருக்கி வெச்சவங்களுக்குக் காது இல்ல.


காசிமேடு விசைப்படகு
செவ்வாய், காலை 7.20

அக்கா சொன்னது நெஞ்சைப் பிசையுது.

கடல்ல எங்களுக்கு விஎச்எஃப் வயர்லெஸ் உண்டு. ஒரு படகு காத்து மாறுதுன்னு சொன்னா அம்பது படகு கேட்கும், பதில் சொல்லும். கரைக்கு வந்தா அது கிடையாது. கரையிலதான் எங்களுக்கு வாய் கட்டிப் போகுது.

2024-ல வாக்குப்பதிவு வந்தது மீன்பிடித் தடைக்காலத்துல. ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் விசைப்படகு போகாது. ஆம்பளைங்க எல்லாம் கரையில. வேட்பாளருங்க துறைமுகத்துக்கு வந்து, கேமராவுக்காக மீனைத் தூக்கிப் பிடிச்சாங்க. சரியா விழலன்னு இன்னொரு தடவை தூக்கச் சொன்னாங்க. தடைக்கால நிவாரணம் போதலைன்னு எங்க சங்கத்துப் பெரியவர் பேச ஆரம்பிச்சார், மைக் நகர்ந்துடுச்சு.

பாம்பன்ல மீனவர்களுக்குன்னே "கடல் ஓசை" 90.4 சமுதாய வானொலி 2016-ல இருந்து இருக்கு. காத்து, அலை, வலை, சட்டம், எல்லாம் எங்க பேச்சுலயே. உறவுக்காரங்க வீட்டுக்குப் போனப்ப நாள் பூரா கேட்டேன். காசிமேட்டுல ஏன் ஒண்ணு இல்ல? நூறு வாட் போதும், திருவொற்றியூர்ல இருந்து வால்டாக்ஸ் ரோடு வரைக்கும் கேட்கும். நாட்டுல முதல் வளாக சமுதாய வானொலி 2004-ல இதே சென்னையில, அண்ணா பல்கலைக்கழகத்துலதான் வந்துச்சு. கூவம் ஆத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்குன்னு ஒண்ணு வரலையே.


பெரம்பூர் லோகோ
செவ்வாய், பகல் 1.40

எர்ணாவூர் அக்கா, பாட்டுன்னு எழுதினதுக்கு வருந்தறேன். அந்த ராத்திரியை நான் யோசிக்கல.

முதலாளி கையில செய்தி போறதை இப்பவும் எதிர்க்கிறேன். ஆனா விசைப்படகுத் தம்பி சொல்ற சமுதாய வானொலின்னா நான் உங்க பக்கம். அதுக்கும் அரசியல் செய்தி பேசத் தடை இருக்குன்னு தெரியும். அந்தத் தடையைத்தான் முதல்ல எடுக்கச் சொல்லணும். ஊர்க்காரங்க நடத்துறதைப் பூட்டி வெச்சிட்டு, விளம்பரத்தைத் திறந்து விடறதுல எந்த நடுநிலையும் இல்ல.

அதுவரைக்கும் சும்மா இருக்கணுமா? எங்க காலனியில பழைய படிப்பகம் ஒண்ணு பூட்டிக் கிடக்கு. சாவி வாங்கித் தர்றேன். அடுத்த தேர்தல் வர்றப்போ எல்லா வேட்பாளரையும், சுயேச்சை உட்பட, ஒவ்வொருத்தரா கூப்பிடுவோம். ஜனங்க கேள்வி, அவங்க பதில். ஒலிப்பதிவு பண்ணி டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், இஸ்திரி வண்டிக்கெல்லாம் மெமரி கார்டுல குடுப்போம். அந்த ரேடியோ பெட்டியிலயே கார்டு போடற இடம் இருக்கும்ல?


பாரிமுனை வக்கீல்
செவ்வாய், இரவு 9.15

நல்ல யோசனை. மூணு விஷயம் மட்டும் கவனம். யாருக்கும் ஓட்டுப் போடுங்கன்னு ஒரு சொல் வந்தாலும் அதை விளம்பரமாப் பார்ப்பாங்க, முன்சான்று கேட்பாங்க. எந்த வேட்பாளர்கிட்டயும் ஒரு டீக்காசு கூட வாங்காதீங்க, அது அவர் செலவுக் கணக்குச் சிக்கலாயிடும். வாக்குப்பதிவு முடியறதுக்கு முந்தின 48 மணி நேரம் கார்டு எங்கயும் ஓடக் கூடாது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேர அளவு, வெட்டு ஒட்டு இல்லாம. வராதவங்க இடத்துல அவங்க பேரைச் சொல்லிட்டு, அவங்களுக்கான நிமிஷத்தைக் காலியா விடுங்க. வாத்தியார் ஸ்டாப் வாட்ச் பிடிக்கட்டும். அழைப்புக் கடிதம் நான் எழுதித் தர்றேன்.


துறைமுகம் ஓய்வு
புதன், காலை 6.05

நடுவுல நிறுத்திக் கேள்வி கேட்கவும் விடணும். படிப்பகத்துல அதுதான் வழக்கம். நான் பெஞ்சு துடைச்சு வைக்கிறேன்.


கொருக்குப்பேட்டை பொண்ணு
புதன், இரவு 10.50

லோகோ அண்ணே, கார்டு போடற இடம் இருக்கு. இத்தனை நாளா அதுல துணிப்பஞ்சு அடைச்சுக் கிடந்துச்சு. ஊசியால எடுத்துட்டேன்.

இன்னைக்கு சாயந்திரம் அம்மாவோட கேள்வியை போன்ல பதிவு பண்ணினேன். பெட்டியைத் துணி மேல வைக்கிற சத்தம், கரி பொரியற சத்தம், பின்னாடி ரயில் போறது எல்லாம் விழுந்திருக்கு. எதையும் வெட்டல. எழுதியும் போடறேன், எல்லா வேட்பாளருக்கும் இதுதான் முதல் கேள்வி:

"வணக்கங்க. நான் இஸ்திரி போடறவ. எங்க தெருக்கொழாயில காலையில அஞ்சரைக்குத் தண்ணி வருது. மொத நாலு கொடம் கறுப்பா வருது, கீழ ஊத்திடறேன். அஞ்சாவது கொடத்த மோந்து பாத்துட்டுத்தான் உள்ள எடுத்துனு போவேன். நீங்க ஜெயிச்சா எங்க தெருவுல எந்த மாசம் பைப்பு மாத்துவீங்க? செய்றோம்னு சொல்லாதீங்க. மாசத்தச் சொல்லுங்க."